இரண்டு கார்ப்பரேட்டரை வீட்டிலேயே சமம் செய்ய: காதா, ஸ்போக் கம்பியா, எண்ணெய்க் குழாயா, கேஜா, பட்டறையா?

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு திறக்கும்போதுதான் செட்டிநாட்டில் பல வண்டிகளுக்கு உயிர் வரும். அப்பச்சி ஓட்டிய ராஜ்தூத் 350 முகப்பில் சாக்குப் போர்த்தி நிற்கும். மகன் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, இருபது உதை உதைத்து அதை எழுப்புவார். எழுந்துவிடும். ஆனால் ஒரு சைலன்சர் ஒழுங்காக அடிக்க, இன்னொன்று விட்டு விட்டு இருமும். அப்புறம் கேள்வி தொடங்கும்: பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் இரண்டு கார்ப்பரேட்டரையும், ஒரே அளவு திறக்கும்படி வீட்டிலேயே சமம் செய்யலாமா? என்ஜினின் உறிஞ்சலை அளக்கும் கேஜ் வாங்க வேண்டுமா? பேசாமல் மதுரைக்கு ஏற்றி அனுப்பிவிடலாமா?

போன தையிலிருந்து நாலைந்து பேர் இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கேஜ் செட்டுக்குப் பணம் கட்டப் போகும் நேரத்தில் கூப்பிட்டார். அவர் வண்டிக்கு அந்தக் கேஜால் ஒரு பயனும் இல்லை. இன்னொருவருக்கோ கேஜ் இல்லாமல் வேலையே நடக்காது. அதனால்தான் எல்லா வழிகளையும் ஒன்றாக வைத்து எழுதுகிறேன்.

## முதலில், உங்கள் வண்டியில் கார்ப்பரேட்டர் எத்தனை?

சைலன்சரை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஜாவா, எஸ்டி 250 வண்டிகளுக்குச் சைலன்சர் இரண்டு, ஆனால் சிலிண்டர் ஒன்று, கார்ப்பரேட்டரும் ஒன்று. பழைய புல்லட், ஆர்.எக்ஸ்.100, பழைய ஸ்ப்ளெண்டர் எல்லாமே ஒன்றுதான். அவற்றில் சமம் செய்ய எதுவும் இல்லை. நீங்கள் நேராகக் கடைசிக்கு முந்தைய பகுதிக்குப் போய்விடலாம்.

இரண்டு உள்ள வண்டி என்றால் நம் பக்கம் பெரும்பாலும் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கேயே செய்து விற்றது. 347 சி.சி., டூ-ஸ்ட்ரோக், சிலிண்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிகுனி கார்ப்பரேட்டர். ஆக்சிலேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, காற்று வழியைத் திறந்து மூடும் இரண்டு ஸ்லைடையும் நேரடியாக மேலே இழுக்கும்.

அடுத்து கைனெட்டிக் ஹியோசங் காமெட், அக்விலா 250. இவை ஃபோர்-ஸ்ட்ரோக் வி-ட்வின், கார்ப்பரேட்டர் சி.வி. வகை. சி.வி.யில் கேபிள் திருப்புவது பட்டர்ஃபிளை என்னும் வட்டத் தகட்டை மட்டும்தான். ஸ்லைடை மேலே தூக்குவது என்ஜினின் உறிஞ்சல். அபூர்வமாக வெளிநாட்டு நான்கு சிலிண்டர் வண்டிகளும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் கார்ப்பரேட்டர் நான்கு.

இந்த வேறுபாடு தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும். டூ-ஸ்ட்ரோக்கில் வாக்கியூம் கேஜ் மாட்ட வழக்கமான இடம் கிடையாது. கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வும், பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸும் மாறி மாறி இழுத்துத் தள்ளுவதால், மாட்டினாலும் முள் சொல்வதை நம்ப முடியாது. அங்கே ஸ்லைடின் உயரத்தைத்தான் சமம் பார்க்க வேண்டும். சி.வி. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் நேர்மாறு. கையால் தொட்டுப் பார்க்கக்கூடியது குறைவு. உறிஞ்சலை அளந்தால்தான் உண்மை தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். அந்த முறை உங்கள் வண்டி வகைக்குப் பொருந்துமா? ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடும்போது) மட்டும் சமம் காட்டுமா, ஆக்சிலேட்டர் திறக்கும்போதும் காட்டுமா? கருவியின் விலைக்கு மேல் என்ன செலவு வரும்? வருஷத்துக்கு எத்தனை தடவை தேவைப்படும்? ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியம்: வேறு ஏதாவது கோளாறு இருந்தால், அந்த முறை அதை வெளியே காட்டுமா, மூடி மறைத்துவிடுமா?

ஐந்தாவதை நான் பட்டுத்தான் கற்றேன். என் 350-இல் இடப் பக்கம் ஐடிலிங் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. காதால் கேட்டே அந்தப் பக்க ஐடிலிங் ஸ்க்ரூவை இறக்கி, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவு அழகாக நின்றது. மறுநாள் காலை திருச்சிக்குக் கிளம்பினேன். திருமயம் கோட்டை கண்ணில் படும் இடத்தில், மூன்றாவது கியருக்குக் குறைக்காமலே வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி தயங்கியது. கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுவதற்குள் இடப் பக்கப் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது.

பட்டறையில் கழற்றியபோது அந்த அண்ணன் கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பரை இரண்டு விரலில் பிடித்து வளைத்தார். "இங்க பாருங்க தம்பி" என்றார். அடிப் பக்கம், கண்ணுக்கே தெரியாத இடத்தில், ஒரு விரிசல் வாய் திறந்தது. அது வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்ததால்தான் ஐடிலிங் ஏறியிருக்கிறது. நான் ஸ்க்ரூவை இறக்கி அந்த அடையாளத்தை அழித்துவிட்டேன். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, இரண்டு மாதம் வண்டி நின்றது.

## எந்த வழியானாலும் முன்னால் செய்ய வேண்டியது

நம் ஊரில் "சமம் இல்லை" என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் சமம் செய்யும் வேலையே தேவைப்படாது என்பது என் அனுபவம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பசை மட்டும் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கப்பின் அடியில் தங்கும். முதலில் அடைவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட். அதன் துளை அவ்வளவு சிறியது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கப்பைக் கழற்றினால் வெள்ளைப் பொடி படிந்திருப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே முதல் வேலை, இரண்டு ஸ்லோ ஜெட்டையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது. வட்டமான ஒளிப்புள்ளி இரண்டிலும் ஒரே அளவு தெரிய வேண்டும். செம்புக் கம்பி, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் வீண். கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, பஞ்சர் கடைக் காற்றில் ஊதினாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

அப்புறம் இன்டேக் ரப்பர். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு, என்ஜின் ஓடும்போது ரப்பரைச் சுற்றித் தடவுங்கள். விரிசல் இருந்தால் தண்ணீரை உறிஞ்சி சத்தம் மாறும். பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது வேண்டாம்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் கிராங்க் சீலும் கவனிக்க வேண்டும். 350-இல் வலப் பக்க சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயில் உள்ளே வந்து அந்தப் பக்கச் சைலன்சர் மட்டும் புகையும். இடப் பக்க சீல் போனால் புகை வராது. காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, நான் பட்ட பாட்டைப் படுத்தும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் வால்வு கிளியரன்ஸ். சோக் பிளஞ்சரின் அடி ரப்பர் கெட்டிப்பட்டு ஒரு பக்கம் மட்டும் பெட்ரோல் கூடுதலாகப் போவதும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்து, அதற்கு மேலும் ஆக்சிலேட்டரை மெல்லத் திறக்கும்போது வண்டி குலுங்கினால், ஒரு பிளக் கறுத்து மற்றது வெளுத்திருந்தால், அப்போது சமம் செய்வது பற்றி யோசிக்கலாம்.

வேலை செய்யும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வைத்து என்ஜினை ஓட விடாதீர்கள். நாலு பக்கம் அடைத்த இடத்தில் புகை தேங்கும். பக்கத்தில் பர்மாத் தேக்குத் தூண்களும் இருக்கின்றன. வாசலில் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த இடமென்றால் கீழே பழைய சாக்கை மடித்துப் போடுங்கள். அந்தக் கல் எண்ணெயைக் குடித்துவிடும், கறை போகாது. வண்டிக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓட வேண்டும். காற்றில் குளிரும் என்ஜினை நிறுத்திய இடத்தில் பத்து நிமிஷம் ஓட விட்டால் சூடு ஏறி எல்லா அளவும் மாறிவிடும்.

## காதும் கையும்

செலவே இல்லை. சைலன்சர் இரண்டின் பின்னாலும் கையை வைத்து அடியை உணர்வது, சத்தம் கேட்டு ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்புவது. பழைய மெக்கானிக்குகள் இதில் கெட்டிக்காரர்கள். நாற்பது வருஷப் பழக்கம் உள்ள காது ஒரு கருவிதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நமக்கு அந்தக் காது இல்லை. இந்த முறை ஐடிலிங்கை மட்டும்தான் சமம் செய்யும். கேபிள் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்திருந்தாலும் ஐடிலிங்கில் தெரியாது, ஏனென்றால் அங்கே ஸ்லைடைத் தாங்குவது ஸ்க்ரூ. ஆக்சிலேட்டரைத் திறந்த பிறகுதான் ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். மறைந்த செலவு என்னவென்று மேலே சொல்லிவிட்டேன். தெருவில் திடீரென்று ஐடிலிங் நிற்காமல் போனால் வீடு வந்து சேர இது போதும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

## ஸ்போக் கம்பி

ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். புத்தகங்களில் டிரில் பிட்டின் தண்டை வைக்கச் சொல்வார்கள். நான் சைக்கிள் ஸ்போக்கை வைக்கிறேன். ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு ஸ்போக் ஒரே கனம் இருக்கும். சாதாரண 14 கேஜ் ஸ்போக்கின் கனம் 2 மி.மீ. இன்னொரு பெரிய லாபம், அது நீளம். டிரில் பிட் போல உள்ளே நழுவி ரீட் வால்வு பக்கம் போய்விடாது.

ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றினால் இரண்டு கார்ப்பரேட்டரின் வாயும் தெரியும். ஐடிலிங் ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்தி ஸ்லைடு முழுக்க அடியில் உட்காரும்படி விடுங்கள். இப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகி, ஒவ்வொரு வாய்க்குள்ளும் ஒரு ஸ்போக்கை நுழைத்து, ஸ்லைடின் என்ஜின் பக்க விளிம்புக்கு அடியில் மாட்டும்படி செய்து, கையை விடுங்கள். ஸ்லைடு இறங்கி ஸ்போக்கைக் கவ்வும். இரண்டு ஸ்போக்கும் குச்சி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

அவற்றின் வெளி முனைக்கு நேர் கீழே ஓர் எவர்சில்வர் தட்டை வையுங்கள். ஆக்சிலேட்டரை மயிரிழையாக, மிக மெதுவாகத் திருகுங்கள். ஸ்லைடு தூக்கியதும் ஸ்போக் தளர்ந்து முனை தட்டில் விழும். "டிங்" என்று ஒரே சத்தம் கேட்டால் சமம். "டிங்-டிங்" என்று இரண்டு கேட்டால், பிந்தி விழுந்த பக்கக் கேபிளில் தளர்ச்சி அதிகம். அந்தக் கார்ப்பரேட்டரின் தலையில் இருக்கும் கேபிள் அட்ஜஸ்டரை அரைச் சுற்று மேலே எடுத்து மறுபடியும் பாருங்கள். ஹேண்டிலை இடம் வலமாகத் திருப்பியும் ஒரு தடவை பார்க்க வேண்டும். கேபிள் எங்காவது இழுபட்டால் அப்போது தெரிந்துவிடும்.

கேபிள் முடிந்ததும் ஐடிலிங் ஸ்க்ரூ. மெல்லிய கம்பி ஒன்றை அதே இடத்தில் வைத்து, ஸ்க்ரூவை ஏற்றி, கம்பி உரசிக்கொண்டு வெளியே வரும் அளவுக்கு இரண்டையும் வையுங்கள். பிறகு என்ஜினை எழுப்பி, இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவு, கால் கால் சுற்றாகத் திருப்பித்தான் ஐடிலிங்கை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் செய்த வேலை போச்சு.

கருவிச் செலவு சொல்லும்படி இல்லை. மறைந்த செலவு நேரம். முதல் தடவை எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது முக்கால் மணி நேரம். ஸ்லைடு தேய்ந்து உள்ளே ஆடினால் இந்த முறை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை கொடுக்கும். எனக்கு அதுவே ஒரு நன்மை: மூன்று தடவை செய்து மூன்று விடை வந்தால் கோளாறு கேபிளில் இல்லை, ஸ்லைடில் என்று தெரிந்துகொள்ளலாம். இந்த முறை எதையும் மறைப்பதில்லை.

சி.வி. கார்ப்பரேட்டர்களுக்கும் முதல் கட்டமாக இதைப் போல ஒன்றைச் செய்யலாம். கழற்றி மேஜையில் வைத்து, பட்டர்ஃபிளையின் ஓரத்தில் மெல்லிய காகிதப் பட்டை வைத்து இரண்டும் ஒரே இறுக்கத்தில் பிடிக்கிறதா என்று பார்ப்பது. ஆனால் அது முதல் கட்டம் மட்டுமே.

## எண்ணெய்க் குழாய்

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீளமான கண்ணாடி போன்ற குழாய் தெரியும்தானே? அதே குழாய்தான். ஒரு மீட்டர் உயரப் பலகையில் யு வடிவத்தில் கட்டி, அடியில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரண்டு முனையையும் இரண்டு கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள வாக்கியூம் துளைகளில் மாட்டினால் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு அருமையான அளவுகோல் கிடைத்துவிடும். எந்தப் பக்கம் எண்ணெய் ஏறுகிறதோ அந்தப் பக்கம் உறிஞ்சல் அதிகம். அதாவது அந்தப் பட்டர்ஃபிளை மற்றதைவிட அதிகமாக மூடியிருக்கிறது. சமம் செய்யும் ஸ்க்ரூவைத் திருப்பி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு தடவை திருப்பிய பின்னும் ஆக்சிலேட்டரை ஒரு தடவை முறுக்கி விட்டால்தான் இணைப்புகள் தம் இடத்தில் உட்காரும்.

இந்தக் குழாயின் நுட்பத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான். கவாசாகி கையேடுகளில் கார்ப்பரேட்டர்களுக்கிடையே 2 செ.மீ. பாதரசம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், எண்ணெயோ தண்ணீரைவிட லேசு. அந்த 2 செ.மீ. எண்ணெயில் 31 செ.மீ. அளவுக்குத் தெரியும். டயலில் முள் ஒரு கோடு நகரும் வித்தியாசம் இங்கே ஓர் அடி நகரும்.

அந்த நுட்பமே ஆபத்தும். வித்தியாசம் அதிகமாக இருந்தாலோ, ஒரு பக்கக் குழாய் நழுவினாலோ, எண்ணெய் மொத்தமும் சிலிண்டருக்குள் போய்விடும். எனவே இரண்டு பக்கமும் நடுவில் ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலை வைத்துவிடுங்கள். எண்ணெய் வந்தால் அதில் தங்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் உதவாது, உறிஞ்சலில் சப்பிப்போகும். முதலில் காகிதப் பட்டை முறையில் ஓரளவு சமம் செய்துவிட்டுத்தான் குழாயை மாட்ட வேண்டும். எண்ணெய் மட்டம் துள்ளிக்கொண்டே இருந்தால் மீன் தொட்டிக் காற்றுக் குழாயில் போடும் குட்டி வால்வை ஒவ்வொரு பக்கமும் போட்டு லேசாக மூடுங்கள், அடங்கிவிடும். பாதரசம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய கருவிகளில் அதைத்தான் ஊற்றினார்கள். சூடான என்ஜினுக்குள் போனால் நச்சு ஆவியாக வெளியே வரும், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

செலவு இருநூறு ரூபாய்க்குள் முடியும். மறைந்த செலவு, டேங்க்கை இறக்கி வைக்க வேண்டி வருவது. பெட்ரோலுக்குக் குளுக்கோஸ் பாட்டிலைக் கயிற்றில் தொங்க விடுவோம். அதை என்ஜினுக்கு நேர் மேலே கட்டாமல் ஒரு கை தூரம் தள்ளிக் கட்டுங்கள். நான்கு கார்ப்பரேட்டர் உள்ள வண்டிக்கு இதே குழாயால் இரண்டிரண்டாகப் பார்க்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

## டயல் கேஜ் செட்

நான்கு சிலிண்டர் வண்டி இருந்தால், அல்லது நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கினால், இது நியாயமான செலவு. சில ஆயிரம் ரூபாய் ஆகும். நான்கையும் ஒரே பார்வையில் பார்க்கலாம், எண்ணெய் உள்ளே போகும் பயம் இல்லை, பத்து நிமிஷத்தில் வேலை முடியும்.

வாங்குபவர்கள் யோசிக்காதது இரண்டு. மலிவான செட்டில் டயல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. வந்ததும் எல்லா டயலையும் ஒவ்வொன்றாக ஒரே துளையில் மாட்டி, ஒரே எண் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் வித்தியாசத்தை ஒவ்வொரு டயலிலும் எழுதி ஒட்டுங்கள். அடுத்தது அடாப்டர். உங்கள் வண்டியின் துளைக்கு 5 மி.மீ. மரையா, 6 மி.மீ. மரையா என்று தெரியாமல் வாங்கினால் மறுபடியும் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும்.

350 வைத்திருப்பவர்களே, தயவுசெய்து இதை வாங்காதீர்கள்.

## பட்டறை

தேய்ந்த ஸ்லைடு, ஆடும் பட்டர்ஃபிளைத் தண்டு, கிராங்க் சீல் ஆகியவை வீட்டு வாசலில் முடியும் வேலைகள் இல்லை. இவை இருப்பது தெரிந்தால் வேறு வழி பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

காரைக்குடியில் டூ-ஸ்ட்ரோக்கில் ஊறிய பழைய கைகள் இன்னும் உண்டு. அவர்களிடம் போகும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, ஸ்லைடு தூக்குறதைப் பாத்து கேபிளை வைப்பீங்களா?" ஆமாம் என்பவரிடம் நிம்மதியாக விடலாம். சி.வி. வண்டிக்கு ஆள் வேண்டுமென்று மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருந்தால், இரண்டுமே ஏறக்குறைய 90 கி.மீ. ஒரு பக்கம் காற்று கூடுதலாகப் போகும் வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போவது சரியல்ல. குட்டியானை பிடித்து ஏற்ற வேண்டும். போக வர வாடகை, நடுவில் பட்டறையில் நிற்கும் நாட்கள். விடுப்பில் வந்தவருக்கு அந்த நாட்கள்தான் பெரிய செலவு.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த வண்டிக்கு | எதைச் சமம் செய்யும் | பணம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| காதும் கையும் | அவசரத்துக்கு எதற்கும் | ஐடிலிங் மட்டும் | இல்லை | வேறு கோளாறை மறைக்கும் |
| ஸ்போக் கம்பி | ராஜ்தூத் 350 போன்ற ஸ்லைடு வகை | ஐடிலிங்கும் திறப்பும் | மிகக் குறைவு | முதல் தடவை ஒரு நாள் |
| எண்ணெய்க் குழாய் | இரண்டு கார்ப்பரேட்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் | உறிஞ்சல், மிக நுட்பமாக | ரூ.200-க்குள் | டேங்க் இறக்குவது, எண்ணெய் உள்ளே போகும் ஆபத்து |
| டயல் கேஜ் | நான்கு கார்ப்பரேட்டர், பல வண்டிகள் | உறிஞ்சல், வேகமாக | சில ஆயிரம் | டயல் பொருத்தம், அடாப்டர் |
| பட்டறை | தேய்மானம், சீல் கோளாறு | ஆளைப் பொறுத்தது | கூலி, உதிரிபாகம் | ஏற்றுக்கூலி, நாட்கள் |

## சமம் ஆன பிறகு டியூனிங்

ஒற்றைக் கார்ப்பரேட்டர்காரர்களும் இங்கே சேர்ந்துகொள்ளலாம்.

சைடு ஸ்க்ரூ, அதாவது ஐடிலிங் ஸ்க்ரூ அல்லாமல் கலவையை மாற்றும் ஸ்க்ரூ, எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் காற்று கூடும். பழைய மிகுனிகளில் இப்படித்தான். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருப்பி, நேர் எதிர்த் திசையில் போனவர்கள் நிறைய. மெதுவாக முழுக்க உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பின், கால் கால் சுற்றாகத் திருப்பி ஐடிலிங் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இரட்டைக் கார்ப்பரேட்டரில் இதை ஒவ்வொரு பக்கமாகச் செய்ய வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அரைச் சுற்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு ஸ்லோ ஜெட் இன்னும் சுத்தமாகவில்லை.

இந்த ஸ்க்ரூ பேசுவது கால் பங்கு ஆக்சிலேட்டர் வரைதான். நடுவில் ஸ்லைடில் தொங்கும் ஊசி, முக்கால் பங்குக்கு மேல் பெரிய துளையான மெயின் ஜெட். முழு வேகத்தில் இருமும் வண்டிக்குச் சைடு ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை.

எத்தனால் பெட்ரோலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு சரியாக எரியும். 20 சதவீத எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் இறங்கும். ஜெட்டை மாற்றாமல் விட்டால் பழைய வண்டி தானாகவே காற்று கூடுதலாக ஓடும். 350-இல் நான் ஊசியை ஒரு பள்ளம் உயர்த்தி, மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கியிருக்கிறேன். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதைப் பிளக் சொல்லும். ஆளில்லாத நேரான சாலையில் நாலைந்து கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டி, சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காபிப் பொடி நிறத்துக்குக் கிட்டே இருக்கலாம், கொஞ்சம் வெளிறியும் இருக்கலாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அப்படியே வேகமாக ஓட்டாதீர்கள்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு: 2,133 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும், வண்டி பெட்ரோல் கூடுதலாக இழுத்து மந்தமாகும். இரண்டு நாளுக்கு ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. காற்று ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தால் சமாளிக்கும். இறங்கும் முன் மறக்காமல் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். வத்தலக்குண்டு வெயிலில் மெலிந்த கலவையோடு டூ-ஸ்ட்ரோக்கை விரட்டக் கூடாது.

## வீட்டைப் பூட்டும் முன்

இத்தனை வேலையும் அடுத்த படைப்பு வரை நிலைக்க வேண்டுமென்றால் கடைசி நாள் காலையில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். பெட்ரோல் டேப்பை மூடி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். டூ-ஸ்ட்ரோக் என்றால் சத்தம் தடுமாற ஆரம்பித்ததுமே சாவியை அணைத்துவிடுங்கள். பிறகு இரண்டு கப்பின் அடி ஸ்க்ரூவையும் திறந்து மிச்சத்தை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். வடித்த பெட்ரோலில் தண்ணீர் மணிகள் அடியில் உருண்டால் டேங்க்கிலும் இருக்கிறது, அதையும் காலி செய்யுங்கள். சாக்கைப் போர்த்தும்போது ஏர் ஃபில்டர் வாயையும் துணியால் கட்டுங்கள். போன முறை எங்கள் வண்டிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது.